செக்ரோலிலிருந்து வங்கி வரை: ஒரு டெக்ஸ்ட் பைலின் பயணம்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பகுதிகளில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் டவுனில் வியாபாரம். சம்பளம் இரண்டு நாள் பிந்தினால் அரிசிக் கடை முதல் புடவைக் கடை வரை கல்லாப் பெட்டி காற்று வாங்கும். சம்பளம் ஏன் பிந்துகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஏலத்தில் விலை விழுந்துவிட்டது என்பார்கள், மழை என்பார்கள், பேச்சுவார்த்தை என்பார்கள். ஆனால் சில மாதங்களில் இவை எதுவும் காரணமாக இருப்பதில்லை. பணமும் இருக்கிறது, கணக்கும் சரியாகவே இருக்கிறது. தோட்ட ஒபிஸிலிருந்து வங்கிக்கு அனுப்பிய பைலை வங்கியின் கணனி ஏற்க மறுத்திருக்கிறது. அவ்வளவுதான் விடயம்!

பல வருடங்களாக இந்தப் பகுதியில் கடைகளுக்கும், கொழுந்து வாங்கி விற்பவர்களுக்கும், சில தோட்ட ஒபிஸ்களுக்கும் கணக்கு வேலையும் கணனி வேலையும் செய்து கொடுத்து வருகிறேன். "நானா, சம்பளம் எல்லாம் கணனியில் ஏத்தியாச்சு. ஆனா பேங்க் கேக்கிற மாதிரி ஒரு பைல் எடுக்கத் தெரியலை" என்ற வேண்டுகோள்தான் எனக்கு அதிகமாக வருவது. கணனிக்குள் அட்டவணையாக இருக்கும் விபரங்களை ஒரு சிறு நிரல் மூலம் டெக்ஸ்ட் பைலாக வெளியே எடுப்பது எப்படி, அதில் எங்கெங்கே சறுக்கும் என்பதை இந்த வாரம் பார்ப்போம். பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் கடை முதலாளிக்கும் ஆயிரம் பேருக்குக் கொடுக்கும் தோட்டத்துக்கும் இது பொதுவான பாடம்.

தேயிலையும் கணனியும்

தேயிலைக்கும் கணனிக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. உலகில் வியாபாரக் கணக்குக்கென்று முதன்முதலாகக் கணனியை ஓட்டிய நிறுவனம் ஒரு வங்கியோ, ஆயுதத் தொழிற்சாலையோ அல்ல. தேநீர்க் கடைகள் நடத்தி, தேயிலையைப் பொதிசெய்து விற்றுவந்த லண்டன் நகரின் ஜே. லயன்ஸ் கம்பனிதான் அது. 'லியோ' எனப் பெயரிட்ட தங்கள் சொந்தக் கணனியில் 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கைப் போட ஆரம்பித்தார்கள். அடுத்த சில வருடங்களில் ஊழியர்களின் சம்பளக் கணக்கும் அதற்கு மாறியது. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு வாராவாரம் கையால் கணக்குப் போட்டுக் களைத்த கிளாக்கர்மாரின் பிரச்சினையே அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது.

நமது தோட்டங்களின் பிரச்சினையும் அதேதான். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு தோட்டத்தின் உயிர்நாடி செக்ரோல்தான். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு வந்த பின்னரும் செக்ரோல் மாறவில்லை. தடித்த பதிவேட்டிலிருந்து கணனித் திரைக்கு இடம் மாறியது, அவ்வளவே.

செக்ரோல் என்பதே ஓர் அட்டவணை

தரவுத்தளம் என்றதும் பயப்படத் தேவையில்லை. செக்ரோலைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. ஓர் ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் இலக்கம், பெயர், எத்தனை முழுப் பேர், எத்தனை அரைப் பேர், மேலதிகக் கொழுந்து எத்தனை கிலோ, முற்பணம், கழிவுகள், கைக்குக் கிடைப்பது எவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். கணனியிலும் இதே கட்டங்கள்தான். வரியைப் பதிவு என்றும், கட்டத்தைப் புலம் என்றும் சொல்கிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2021இல் 900 ரூபாவாக இருந்தது. அதற்கு மேல் 100 ரூபா வரவுசெலவுத்திட்டக் கொடுப்பனவு. 2024 செப்டம்பர் தீர்மானத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்த 1,350 ரூபாவை வைத்து, ஒரு பெண் 25 பேர் செய்திருக்கிறார் என வைத்துக்கொள்வோம். சம்பளம் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடமிருந்து 8 சதவீதம், அதாவது 2,700 ரூபா கழியும். அதே நிதிக்குத் தோட்டம் தன் பங்காக 12 சதவீதம், 4,050 ரூபா சேர்க்க வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் தரும் 3 சதவீதம் 1,012 ரூபா 50 சதம். வேறு கழிவுகள் இல்லையென்றால் அவர் கைக்கு வருவது 31,050 ரூபா.

இந்த ஒரே வரியிலிருந்து மூன்று இடங்களுக்கு விபரம் போக வேண்டும். சம்பளம் வங்கிக்கு, சேமலாபக் கணக்கு மத்திய வங்கி பராமரிக்கும் நிதிக்கு, மூன்றாவது நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சபைக்கு. மூன்று இடத்தாரும் பாவிக்கும் மென்பொருட்கள் வெவ்வேறு. உங்கள் மென்பொருள் அவர்களிடம் இல்லை. அவர்களுடையது உங்களிடம் இல்லை. பிறகு எப்படிப் பேசிக்கொள்வது?

ஏன் டெக்ஸ்ட் பைல்?

இங்குதான் டெக்ஸ்ட் பைல் வருகிறது. அதில் தடித்த எழுத்து இல்லை, நிறம் இல்லை, கோடு இல்லை, சூத்திரம் இல்லை. எழுத்துகளும் இலக்கங்களும் வரி வரியாக இருக்கும். அதனாலேயே எந்தக் கணனியும் அதைப் படிக்கும். முப்பது வருடத்துக்கு முந்திய மென்பொருளும் படிக்கும், இனி வரப்போவதும் படிக்கும்.

இலங்கையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சம்பளம் போன்ற கொடுப்பனவுகளை அனுப்பும் 'ஸ்லிப்ஸ்' முறை 1993 முதல் இருந்து வருகிறது. 2002இல் உருவான லங்கா கிளியர் நிறுவனம், இன்று லங்கா பே என்ற பெயரில் அதை நடத்துகிறது. இம்முறையில் ஒவ்வொரு வங்கிக்கும் நான்கு இலக்கக் குறியீடு உண்டு. இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135, ஹட்டன் நெஷனல் வங்கிக்கு 7083. கிளைக்கு மூன்று இலக்கம். பின்னர் கணக்கிலக்கம், தொகை. அமெரிக்காவிலும் வங்கிகளுக்கிடையே சம்பளம் போவது ஒரு வரிக்குச் சரியாக 94 எழுத்துகள் கொண்ட டெக்ஸ்ட் பைல் மூலந்தான். எனவே இது நம் ஊரின் பின்தங்கிய முறை என்று எவரும் எண்ண வேண்டாம்.

சேமலாப நிதியிலும் அவ்வாறே. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான அந்த நிதிக்குப் பழைய காலத்தில் 'சி' படிவத்தைக் கையால் நிரப்பி அனுப்பினார்கள். 2012 திருத்தச் சட்டத்துக்குப் பின்னர் 50 பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர்கள் விபரங்களை மின் ஊடகத்தில் தர வேண்டியதாயிற்று. பங்களிப்பு அடுத்த மாத இறுதிக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் பிந்தும் காலத்துக்கேற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம். பைல் திரும்பி வந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டு வகை வரிகள்

டெக்ஸ்ட் பைலில் ஒரு புலம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, நடுவில் ஒரு குறியீடு வைப்பது. காற்புள்ளி வைக்கலாம், டெப் இடைவெளி வைக்கலாம். எழுதுவது சுலபம், படிப்பதும் சுலபம்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு புலத்துக்கும் நிலையான அகலம் ஒதுக்குவது. குறியீடு எதுவும் கிடையாது. வங்கி 4 இடம், கிளை 3 இடம், கணக்கு 12 இடம், தொகை 12 இடம் என்று ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம். தொகையைப் புள்ளியின்றிச் சதத்தில் எழுத வேண்டும். நாம் பார்த்த பெண்ணின் கணக்கிலக்கம் 456789 என்றால், அவருடைய வரி இப்படி இருக்கும்:

7010123000000456789000003105000

மொத்தம் 31 இடங்கள். கணக்குக்கு முன்னால் ஆறு பூச்சியம், தொகைக்கு முன்னால் ஐந்து பூச்சியம். இந்தப் பூச்சியங்களுக்கு மதிப்பில்லை என்று நினைத்து ஒருவர் கணக்கின் முன்னுள்ள ஆறையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் பாருங்கள்:

7010123456789000003105000

வங்கியின் கணனி எட்டாவது இடத்திலிருந்து பன்னிரண்டு இடங்களைக் கணக்கிலக்கமாக எடுக்கும். அது 456789000003 ஆகிவிடும். மீதி 105000. சதத்தில் வாசித்தால் 1,050 ரூபா! 31,050 ரூபா, யாரோ ஒருவரின் கணக்கில் 1,050 ரூபாவாக நிற்கிறது. நல்ல வேளையாக, வரியின் நீளம் குறைவு என்பதைக் கண்டதும் பெரும்பாலான வங்கி மென்பொருட்கள் பைலையே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஒரு வரிக்காக முழுப் பைலும் திரும்பினால், தோட்டத்தில் அத்தனை பேரின் சம்பளமும் அன்றைக்கு நின்றுவிடும்.

நிரல் செய்யும் வேலை

இந்த வேலையைக் கையால் செய்யாமல் நிரலிடம் ஒப்படைப்பதே புத்திசாலித்தனம். எந்த மொழியில் எழுதினாலும் நிரல் செய்ய வேண்டியவை ஆறு படிகள்தான்.

1. தரவுத்தளத்தைத் திறத்தல்.

2. தேவையான வரிகளை மட்டும் கேட்டு எடுத்தல். இந்த மாதம், இந்தப் பிரிவு, சம்பளம் பூச்சியத்துக்கு மேல் உள்ளவர்கள் என்று நிபந்தனை போட வேண்டும். எந்த வரிசையில் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தரவுத்தளம் தனக்கு வசதியான வரிசையில் தரும். அது மாதத்துக்கு மாதம் மாறலாம்.

3. வெற்று டெக்ஸ்ட் பைல் ஒன்றை எழுதுவதற்காகத் திறத்தல்.

4. ஒவ்வொரு பதிவாக எடுத்து, புலங்களை உரிய அகலத்துக்கு வெட்டியோ நிரப்பியோ ஒரு வரியாகக் கோத்து எழுதுதல். இலக்கத்துக்கு இடப்பக்கம் பூச்சியம், பெயருக்கு வலப்பக்கம் வெற்றிடம் என்பது பொது வழக்கம்.

5. எழுதும்போதே எத்தனை வரி, மொத்தத் தொகை எவ்வளவு என்று கூட்டிக்கொண்டு போய், முடிவில் கட்டுப்பாட்டு வரியாகவோ தனித் தாளாகவோ தருதல்.

6. பைலை மூடுதல். இதை மறக்கவே கூடாது. கணனி எழுதுவதை முதலில் நினைவகத்தில் சேர்த்து வைத்துக் கொத்தாகத்தான் தட்டில் பதிக்கும். மூடாமல் நிரல் நின்றுபோனால் கடைசிச் சில வரிகள் பைலுக்கு வராமலே போகலாம். கடைசி வரியில் இருப்பவருக்குச் சம்பளம் இல்லை!

பழைய பொக்ஸ்புரோவில் சம்பளம் போடுபவர்களுக்கு 'கொப்பி டு' என்ற ஒரே கட்டளை போதும். நிலையான அகலமும் கிடைக்கும், காற்புள்ளி வகையும் கிடைக்கும். விஷுவல் பேசிக்கில் 'ஓபன்', 'பிரின்ட்', 'குளோஸ்' என்ற மூன்று சொற்களுக்குள் வேலை முடிந்துவிடும். மைஎஸ்கியூஎல் பாவிப்பவர்கள் 'செலக்ட்' கட்டளையோடு 'இன்டு அவுட்பைல்' என்று சேர்க்கலாம். ஆனால் அதில் சில சங்கதிகள் உண்டு. பைல் உங்கள் மேசையில் உள்ள கணனியில் விழாது. தரவுத்தளம் இயங்கும் சேர்வர் கணனியில் விழும். அதற்குத் தனி அனுமதி வேண்டும். அதே பெயரில் பைல் ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் எழுத மறுக்கும். எதுவும் பதியப்படாத கட்டத்தை வெறுமையாக விடாமல், பின்சாய்கோட்டுடன் 'என்' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு வைக்கும். வங்கிக்கு அது புரியாது. புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் பைதன் மொழியில் எழுதினால், காற்புள்ளி வகைக்கென்றே அதில் ஆயத்தமான வசதி இருக்கிறது. புலத்துக்குள் காற்புள்ளி இருந்தால் தானாகவே மேற்கோள் குறி போட்டுக் காப்பாற்றும்.

அடிக்கடி விழும் பொறிகள்

முதலாவது பொறி எக்செல். மென்பொருளிலிருந்து எடுத்த பைலை 'சும்மா ஒருதரம் பார்ப்போம்' என்று எக்செலில் திறந்து சேமித்துவிடுவார்கள். அது முன்னால் உள்ள பூச்சியங்களைத் தின்றுவிடும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணைச் சுருக்கி, தசமப் புள்ளியும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் கலந்த விஞ்ஞானக் குறியீடாக்கிவிடும். காற்புள்ளி வகையில் சேமித்தால் அந்தச் சுருக்கமே பைலில் பதியும்; அசல் எண் போனது போனதுதான். பைலைப் பார்க்க வேண்டுமானால் நோட்பேடில் பாருங்கள், சேமிக்காமல் மூடுங்கள்.

இரண்டாவது, அடையாள அட்டை எண்ணை 'எண்' வகையாகத் தரவுத்தளத்தில் வைப்பது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் 'வி' அல்லது 'எக்ஸ்' என்ற எழுத்து இருக்கிறது. கூட்டிக் கழிக்காத எதையும் எண்ணாக வைக்கக் கூடாது. கணக்கிலக்கம், அடையாள அட்டை, தொலைபேசி எல்லாமே எழுத்து வகைதான்.

மூன்றாவது, தொகைக்குள் காற்புள்ளி. 31,050.00 என்று அழகாக எழுதினால் காற்புள்ளி வகைப் பைலில் அது இரண்டு புலமாகிவிடும்.

நான்காவது நம் தமிழுக்கே உரிய பொறி. இலங்கையில் பல ஒபிஸ்களில் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரிவது, பைலுக்குள் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே இருக்கும். பாமினியில் 'இ' என்ற எழுத்து காற்புள்ளிச் சாவியில் இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிச் சாவியில் இருக்கிறது. இதன் விளைவு என்ன? இப்ராஹீம், இஸ்மாயில், இராமாயி, இலட்சுமி என்று இகரத்தில் தொடங்கும் ஒவ்வொரு பெயரும் பைலில் காற்புள்ளியோடு தொடங்கும். அந்த வரியில் ஒரு புலம் கூடி, மற்றவை எல்லாம் ஓர் இடம் தள்ளிப் போய்விடும். முந்நூறு பேரில் நாலைந்து பேருடைய வரி மட்டும் பிழைத்துக்கொண்டே இருக்கும். காரணம் எவருக்கும் விளங்காது. ஒரு கொழுந்து சேகரிப்பவரின் கணக்கில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுதும் பிடித்தது. காற்புள்ளியை விட்டு டெப் இடைவெளிக்கு மாற்றியதும் சரியாயிற்று. ஆனாலும் நிரந்தரத் தீர்வு பெயர்களை யுனிகோட் தமிழுக்கு மாற்றுவதுதான்.

யுனிகோடிலும் ஒரு கவனம் வேண்டும். 'இப்ராஹீம்' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யுனிகோட் கணக்கில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டு ஒன்பது. யூடிஎப்-8 முறையில் பைலில் பதியும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் இருபத்தேழு. அகலம் இருபது என்று ஒதுக்கிய இடத்தில் அது அடங்காது; நடுவில் வெட்டினால் பெயர் சிதையும். அகலத்தை எழுத்தில் அளப்பதா, பைட்டில் அளப்பதா என்று பைலைப் பெறுபவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஆங்கில எழுத்தில் மட்டும் பெயர் ஏற்கும் இடத்துக்குத் தமிழில் அனுப்பினால், வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் போய்ச் சேரும்.

பெயர் வெட்டுப்பட்டால் யாருக்கு நட்டம்?

இதுவரை சொன்னவை பணம் பிந்தும் கதை. பணம் கிடைக்காமலே அலையும் கதை ஒன்றும் இருக்கிறது.

ஹட்டனுக்கு அண்மித்த ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த ஒரு அம்மா, ஓய்வு பெற்றுச் சேமலாப நிதியைக் கேட்டு விண்ணப்பித்தார். அடையாள அட்டையில் ஒரு பெயர். நிதிப் பதிவில் வேறு பெயர். தேடிப் பார்த்தால், தோட்டத்தின் பழைய சம்பள மென்பொருளில் பெயருக்குப் பத்து எழுத்து இடம் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். நீளமான பெயர்கள் எல்லாம் மாதாமாதம் பைலில் வெட்டுப்பட்டே போயிருக்கின்றன. இன்னொரு காலப்பகுதியில், புதிதாக வந்த கிளாக்கர் ஆங்கிலத்தில் வேறுவிதமாக எழுதியிருக்கிறார். தோட்ட ஒபிஸில் நான் வேலையாக இருந்த நாளில் அந்த அம்மா வந்து நின்று, "அந்த ரெண்டு பேரும் நான்தாங்க ஐயா" என்று பெரிய கிளாக்கரிடம் சொன்னார். அவர் என்ன செய்வார் பாவம்? கிராம உத்தியோகத்தரின் கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, தோட்டத்தின் உறுதிக் கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவை டவுனுக்கு வரும்போதும் துணைக்கு வந்த மகளுக்கு ஒரு நாள் பேர் இல்லை. பஸ் காசு வேறு.

மலையகத்தில் இது ஒருவரின் கதை அல்ல. 1948இல் குடியுரிமை பறிபோய், 1964 ஒப்பந்தத்தில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்கும் ஒரு பகுதியினர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் மீதியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்குத் தீர்வு வந்தது. அந்த இடைக்காலத்தில் ஒரே ஆளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்று சேர்ந்துவிட்டது. தமிழ்ப் பெயரை ஒருவர் ஆங்கிலத்திலும் இன்னொருவர் சிங்களத்திலும் காதில் விழுந்தபடி எழுதினால் வேறென்ன நடக்கும்? மென்பொருள் அந்தக் குழப்பத்தைத் தீர்த்திருக்கலாம். மாறாக, பத்து எழுத்துக்கு மேல் வெட்டி இன்னொரு பெயரையும் சேர்த்துவிட்டது.

ஆகவே நிரல் எழுதுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆளை அடையாளம் காணப் பெயரை நம்ப வேண்டாம். அடையாள அட்டை எண்ணும் அங்கத்துவ இலக்கமும் சேர்ந்தே சாவி. பெயர்ப் புலத்துக்குத் தாராளமாக இடம் விடுங்கள். பைல் கேட்கும் அகலத்தைவிடப் பெயர் நீளமாக இருந்தால் சத்தமில்லாமல் வெட்டாதீர்கள். அத்தகைய பெயர்களைத் தனிப் பட்டியலாக எடுத்துக் கிளாக்கரிடம் காட்டுங்கள். எப்படிச் சுருக்குவது என்று மனிதர் ஒருவர் தீர்மானித்து, எல்லா மாதமும் அதே சுருக்கத்தைப் பாவிக்கட்டும். தொழிலாளரும் சம்பளத் துண்டை எறியாமல் வைத்திருக்க வேண்டும். அதிலுள்ள அங்கத்துவ இலக்கமும் பெயரும் அட்டையோடு பொருந்துகிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வேலையில் இருக்கும்போது திருத்துவது சுலபம். ஓய்வு பெற்று, துரையும் கிளாக்கரும் மாறிப்போன பின்னர் திருத்துவது பெரும்பாடு.

பைல் வெளியே போகுமுன்

அனுப்புவதற்கு முன்னர் மூன்று எண்களைச் செக்ரோலோடு ஒப்பிடுங்கள். வரிகளின் எண்ணிக்கை, மொத்தத் தொகை, கணக்கிலக்கங்கள் அனைத்தையும் கூட்டினால் வரும் எண். கடைசி எண்ணுக்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் ஒருவருடைய கணக்கிலக்கத்தில் ஓர் இலக்கம் மாறினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். தொகையும் எண்ணிக்கையும் சரியாக இருக்க, கணக்கை மட்டும் மாற்றிப் பணத்தைத் திருப்பும் திருட்டைப் பிடிக்க இதுவே எளிய வழி.

டெக்ஸ்ட் பைலின் பலமே அதன் பலவீனமும் ஆகும். யாரும் திறக்கலாம், யாரும் மாற்றலாம். பென் டிரைவில் போட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பைலைத் தயாரிப்பவர் ஒருவராகவும், வங்கியில் அனுமதி கொடுப்பவர் இன்னொருவராகவும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் தேவையற்ற பிரதிகளை அழித்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியிருக்கிறது. ஆயிரம் பேரின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள பைல் கடை மேசையில் கிடக்கக் கூடிய பொருளல்ல.

வங்கியும் நிதியும் கேட்கும் மாதிரிகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. பழைய மாதிரியை வைத்து நிரல் எழுதாமல், இப்போது நடைமுறையில் உள்ள மாதிரியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் மாதம் ஐந்து பேரின் விபரத்துடன் ஒரு பரீட்சார்த்தப் பைல் அனுப்பி, ஏற்றுக்கொண்டார்களா என்று பார்த்த பின்னர் முழுப் பைலையும் அனுப்புங்கள்.

கடைக்காரருக்கு இதில் என்ன?

"நமக்கு ஏன் இதெல்லாம்? என்னிடம் வேலை செய்பவர்கள் நாலு பேர்தானே" என்று சில முதலாளிமார் கேட்கலாம். நாலு பேருக்கும் சேமலாப நிதி உண்டு என்பது ஒரு புறம் இருக்கட்டும். உங்கள் கடன் கொப்பியும், சரக்கு இருப்பும், வாடிக்கையாளர் விபரமும் இன்று ஏதோ ஒரு மென்பொருளுக்குள் இருக்கின்றன அல்லவா? அதை விற்றவர் நாளைக்குத் தொழிலை விட்டுப் போனால்?

தலவாக்கலைப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடையில் அப்படித்தான் நடந்தது. மென்பொருள் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். கணனியும் பழையது. உள்ளே ஆறு வருடக் கடன் கணக்கு. மென்பொருளில் அச்சிடும் வசதி இருந்ததே தவிர, பைலாக வெளியே எடுக்கும் வசதி இல்லை. கடைசியில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துத் திரையைப் பார்த்துப் பார்த்து இரண்டு கிழமை புதிதாக அடித்தார்கள். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதில் பிழை வந்து, நீண்ட நாள் வாடிக்கையாளர் இருவருடன் மனத்தாங்கலும் வந்தது.

ஆகவே மென்பொருள் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னர் ஒரு கேள்வியைக் கேளுங்கள். "என் அட்டவணைகள் எல்லாவற்றையும் டெக்ஸ்ட் பைலாக நானே எடுக்க முடியுமா?" முடியும் என்றால், உங்கள் முன்னிலையிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். வாங்கிய பின்னர் மாதம் ஒரு தடவை அப்படி எடுத்து, திகதி போட்டு, கடைக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

தோட்ட ஒபிஸில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கணனி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டு மென்பொருளும் இணையத்தளமும் செய்யக் கற்றுக்கொள்வது நல்லதே. அதோடு ஓர் அட்டவணையைத் திறந்து, பிழையின்றி ஒரு டெக்ஸ்ட் பைல் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். மலையகத்தில் அதற்கு வேலை இருக்கிறது. மாதா மாதம் இருக்கிறது. அடுத்த தடவை சம்பளப் பைல் எழுதும்போது, அதன் நீளமான பெயர்களை மட்டும் ஒருமுறை பிரித்தெடுத்து அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெட்டுப்பட்ட ஒரு பெயரையாவது இன்றைக்கே திருத்தினால், இருபது வருடம் கழித்து ஒரு அம்மா சத்தியக் கடதாசிக்காக டவுனுக்கு அலைய வேண்டி வராது.